பிக்கப் கொள்வனவுக் குழுவின் கூட்டக் குறிப்பு

சனநாயகம் எந்த நாட்டில் பிறந்தது என்பதில் படித்தவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அது எங்கே பூரண வளர்ச்சி அடைந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கண்டாவளையில், என் தங்கை கமலாசனியின் வீட்டு விறாந்தையில், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கும் பன்னிரண்டே காலுக்கும் இடையில் அது பூரண வளர்ச்சி அடைந்தது. அதை நேரில் கண்டு குறிப்பெடுத்தவன் நான்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இளைப்பாறிய முகாமைத்துவ உதவியாளர். முப்பத்தொரு வருட அரச சேவை. எந்தக் கந்தோர் என்று சொல்வது முறையல்ல. ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கூட்டக் குறிப்பு எழுதுவதில் என்னை வெல்ல மாவட்டத்திலேயே ஆள் இல்லை என்று மூன்று மேலதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். யார் என்ன பேசினாலும் அதை யாருக்கும் நோகாத வசனமாக மாற்றுவது என் கலை. இரண்டு பேர் கதிரையைத் தூக்கி அடிக்கப் போனால் 'உறுப்பினர்கள் உற்சாகமாகக் கலந்துரையாடினர்' என்று எழுதுவேன். கதிரை உடைந்தால் 'தளபாடப் பற்றாக்குறை சுட்டிக்காட்டப்பட்டது' என்று சேர்த்துக்கொள்வேன்.

கமலாசனிக்கு நாற்பத்தாறு வயது. கத்தரி, பயித்தை, வெண்டி, பூசணி என்று தோட்டம் செய்கிறாள். கணவர் இல்லை. போரில் காணாமற்போன அவரைப் பற்றிய படிவம் அந்தக் காலத்தில் என் மேசைக்குத்தான் வந்தது. 'தகவல் இல்லை' என்று அழகான கையெழுத்தில் நானே எழுதினேன். வேறு யாரும் எழுதியிருந்தால் அவ்வளவு வடிவாக வந்திருக்காது.

இந்தக் கமலாசனி, குடும்பத்தில் யாரையும் கேட்காமல், ஒரு காரியம் செய்துவிட்டாள். பரந்தனுக்கு அப்பால் இருக்கும் ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் கன்ரீனுக்கு மரக்கறி கொடுக்கும் ஒப்பந்தத்தைத் தானே போய்க் கதைத்து எடுத்துவிட்டாள். தன் தோட்டத்து மரக்கறி மட்டுமல்ல, அயலில் இருக்கும் பதினொரு வீட்டு மரக்கறியும். மார்ச் முதலாம் திகதி தொடக்கம். காலை ஐந்தரைக்கு மரக்கறி இறங்கியிருக்க வேண்டும். மூன்று நாள் பிந்தினால் ஒப்பந்தம் வேறு ஆளுக்கு. இதற்காகக் கிளிநொச்சிக்குப் போய் வாகனம் ஓட்டும் அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டாள். இரண்டு பசுவையும் சங்கிலியையும் விற்றுக் காசும் வைத்திருந்தாள். வாகனம் ஒன்றுதான் பாக்கி.

அதற்கும் ஆள் பார்த்துவிட்டாள் என்பதுதான் குடும்பத்தைக் கலக்கிய செய்தி. பக்கத்து வளவு ஆண்டியப்பன், கிளிநொச்சியில் ஒரு கடைக்காரரிடம் நின்ற சின்ன லொறியைப் பார்த்து, அடியில் படுத்துப் பார்த்து, ஓடிப் பார்த்து, 'எடுக்கலாம்' என்று சொல்லியிருந்தார்.

ஆண்டியப்பன் நாற்பது வருடமாக உழவு இயந்திரம் திருத்துகிறவர். எழுபத்தேழாம் ஆண்டு இனவன்செயலில் மலைநாட்டிலிருந்து ஓடிவந்து இங்கே காடு வெட்டியவர். எங்கள் அப்பா அதற்கு இருபது வருடம் முந்தி யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கம் கொடுத்த வாய்க்கால் காணிக்கு வந்தவர். ஆகவே நாங்கள் 'குடியேறியவர்கள்'. அவர்கள் 'வந்த ஆக்கள்'. இந்த வேறுபாட்டை வெளியூர்க்காரருக்கு விளங்கப்படுத்துவது கடினம். எங்கள் வீட்டில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆண்டியப்பன் என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவர் என்னை 'சார்' என்பார். கமலாசனி மட்டும் அவரை 'அண்ணை' என்று கூப்பிடுவாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒழுங்கு குறைவு.

செய்தி கனடாவுக்குப் போன வேகத்தில் என் கந்தோரில் ஒரு கோப்பும் அசைந்ததில்லை. எங்கள் மூத்த அண்ணர் கனகலிங்கம் அங்கே முப்பத்தைந்து வருடமாக இருக்கிறார். ஊரில் ஒரு கிணறு வெட்டுவதென்றாலும் எந்த இடத்தில் தண்ணீர் வரும் என்று ரொறன்ரோவிலிருந்து சொல்லுவார். அவர் என் தொலைபேசியில் வந்தார்.

"முன்பின் தெரியாத ஒருத்தனிட்ட வாகனம் வாங்கிறதோ? அதுவும் அந்த ஆக்கள் காட்டி? மல்லாவியில எங்கட அத்தான்ர பிக்கப் சும்மா நிக்குது. நீ உடன ஒரு கூட்டத்தை வை."

அப்படிப் பிறந்ததுதான் பிக்கப் கொள்வனவுக் குழு.

உறுப்பினர்கள் விபரம் பின்வருமாறு. தலைவர்: கனகலிங்கம், தொலைபேசி வழியாக, சீனிப் போத்தலில் சாய்த்து வைக்கப்பட்டார். கௌரவ உறுப்பினர்: மல்லாவி ராஜரத்தினம், எங்கள் அத்தான், பிக்கப்பின் சொந்தக்காரர். விற்பவரே கொள்வனவுக் குழுவில் இருக்கலாமா என்று சட்டம் படித்தவர்கள் கேட்கக்கூடும். அத்தான் இல்லாமல் எங்கள் குடும்பத்தில் ஒரு கூட்டமும் நடந்ததில்லை என்பதே பதில். அவருடைய மனைவி, எங்கள் மூத்த அக்கா அன்னபாக்கியம்: பொது உறுப்பினர். அவர்களுடைய மகன் அனோஜன்: தொழில்நுட்ப மதிப்பீட்டு அதிகாரி. வாகனத்தைச் சிறுவயது முதல் அறிந்தவர் என்பதால் அவர் ஏகமனதாகத் தெரிவுசெய்யப்பட்டார். செயலாளர்: நான். வாங்குபவரான கமலாசனி தேநீர்ப் பொறுப்பில் இருந்தாள்.

பத்து மணிக்கு அத்தான் பிக்கப்பில் வந்து படலைக்கு முன்னால் நிறுத்தினார். வெள்ளை நிறம். கழுவித் துடைத்து, கண்ணாடியில் விபூதிக் குறியும் மூன்று இடத்தில் சுவாமிப் படமும். வாகனத்தைத்தான் நிறுத்தினாரே தவிர எஞ்சினை நிறுத்தவில்லை. கூட்டம் நடந்த இரண்டேகால் மணித்தியாலமும் அது படலையில் நின்று உறுமிக்கொண்டே இருந்தது. தன் டீசலை எரித்து எங்களுக்காக ஆயத்தமாக நின்ற அந்தப் பெருந்தன்மையைக் குறிப்பில் தனிப் பந்தியாக எழுதினேன்.

தேவாரம் பாடி, இறந்த உறவினர்களுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்தி (மௌனத்தில் எஞ்சின் சத்தம் நன்றாகக் கேட்டது), கூட்டம் ஆரம்பமானது.

தொழில்நுட்ப அறிக்கையை அனோஜன் சமர்ப்பித்தான். அவன் சமூக ஊடகத்தில் நாலாயிரம் பேர் பின்தொடரும் ஆள். அறிக்கை காணொளி வடிவில் இருந்தது. மேலே பறக்கும் கமரா ஒன்றினால் பிக்கப்பை மல்லாவி வயல்வெளியில், குளக்கட்டில், சூரியன் இறங்கும் நேரத்தில் எடுத்திருந்தான். பின்னால் வயலின் வாசிப்பு. ஒரு இடத்தில் பிக்கப்பின் முன்விளக்கில் பனித்துளி. அக்கா அழுதுவிட்டார்.

"எஞ்சின் எப்பிடி?" என்று செயலாளர் என்ற முறையில் கேட்டேன்.

"எஞ்சின் காட்டினா வியூஸ் வராது மாமா," என்றான் தொழில்நுட்ப அதிகாரி.

ஓடிய தூரம் பற்றிய அட்டவணையும் அவனிடம் இருந்தது. அன்று காலை மல்லாவியில் புறப்படும்போது மீற்றர் நாற்பத்திரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு. கண்டாவளை வந்து சேர்ந்தபோதும் நாற்பத்திரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.

"பார்த்தீங்களே?" என்றார் அத்தான். "நான் பெரிசா ஓடுறேல்லை. கோயிலுக்கும் செத்தவீட்டுக்கும்தான் எடுக்கிறது. அதுவும் கிட்டடிச் செத்தவீட்டுக்கு."

மல்லாவியிலிருந்து கண்டாவளை வரை வந்தும் ஒரு கிலோமீற்றர்கூட ஓடாத வாகனத்தை நான் அன்றுதான் கண்டேன். குறிப்பில் 'பாவனை மிகக் குறைவு' என்று எழுதினேன்.

அப்போதுதான் தேநீர்த் தட்டோடு வந்த கமலாசனி ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினாள்.

"பின்பெட்டி மூலையெல்லாம் ஆத்து மணல் கிடக்குது அத்தான். மணல் ஏத்தினதோ?"

அத்தான் தேநீரை ஒரு மிடறு குடித்தார். "ஏத்தினதுதான். கோயில் திருவிழாவுக்கு வீதியில பரப்ப. அது முழுக்கச் சாமிக்கு ஏத்தின மணல், பிள்ளை."

கோயில் வீதி எவ்வளவு பெரியது, திருவிழா வருடத்தில் எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை. 'வாகனம் ஆன்மீகப் பணிகளில் ஈடுபட்டுள்ளது.'

"அப்ப ஒருக்கா நான் ஓடிப் பாக்கட்டோ? பரந்தன் சந்தி மட்டும்?" என்றாள் கமலாசனி.

எங்கள் குடும்பத்தைத் தெரியாதவர்களுக்கு இதில் என்ன பிழை என்று விளங்காது. பிறத்தியாரிடம் வாங்கும்போது ஓடிப் பார்க்கலாம், திறந்து பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம், கராச்சுக்குக் கொண்டுபோகலாம். சொந்தக்காரரிடம் வாங்கும்போது ஒன்றும் செய்யக்கூடாது. பார்த்தால் சந்தேகம். சந்தேகித்தால் சொந்தமில்லை. சொந்தமில்லாவிட்டால் நாளைக்குச் செத்தவீட்டுக்கு யார் வருவார்கள்? தலைமுறை தலைமுறையாக நாங்கள் மாப்பிள்ளை, மாடு, காணி எல்லாவற்றையும் இந்த முறையில்தான் எடுத்திருக்கிறோம். அதன் பெறுபேறுகள் இன்றும் எங்கள் வீடுகளில் இருக்கின்றன.

அக்கா கதிரையிலிருந்து எழும்பினார். கண் நிறைந்துவிட்டது. சபையில் வீட்டோ அதிகாரம் உள்ள ஒரே உறுப்பினர் அவர்தான்.

"கமலா, நீ என்ர கூடப்பிறந்தவள். என்ர மனுசன் உன்னை ஏமாத்திப் போடுவார் எண்டு நினைச்சிட்டாய் என்ன? பங்கருக்குள்ள ஒரு பாயில படுத்தனாங்கள். அதுக்குப் பிறகு இந்தக் கதையும் கேக்க வேண்டிக் கிடக்குது."

"இல்லை அக்கா, நான் சும்மா..."

"சும்மா எண்டாலும் அப்பிடிக் கேக்கக்கூடாது!" என்று சீனிப் போத்தலில் சாய்ந்தபடி தலைவர் முழங்கினார். "நாங்கள் என்ன, பிறத்தி ஆக்களே?"

கமலாசனி தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். 'ஓடிப் பார்க்கும் யோசனை, முன்மொழிந்தவரால் மீளப் பெறப்பட்டது.'

அடுத்து விலை. அத்தான் இரண்டு கையையும் கூப்பினார்.

"காசுக் கதை மட்டும் என்னோட கதைக்காதேங்கோ. நான் விக்கேல்லை. தங்கச்சிக்குக் குடுக்கிறன்."

குடுக்கும் தொகையை ஒரு துண்டில் எழுதி, மடித்து, வெற்றிலைத் தட்டில் வைத்தார். அது கிளிநொச்சி லொறியின் விலையைவிட ஒன்றரை இலட்சம் கூட. சொந்தத்துக்குள் பேரம் பேசும் வழக்கம் இல்லாதபடியால் அது கூட என்று சொல்லவும் வழியில்லை.

பன்னிரண்டு மணிக்கு வாக்கெடுப்பு. கனடாவில் நடுச்சாமம் தாண்டிவிட்டது. தலைவர் கண்ணை மூடி ஆழ்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். யோசனைக்கு இடையில் குறட்டையும் கேட்டது. அது சம்மதமாகக் கொள்ளப்பட்டது. கமலாசனி குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் சம்மதமாகக் கொள்ளப்பட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

குறிப்புப் புத்தகத்தை மூடிக்கொண்டு நான் படலைக்கு வந்தபோது, அங்கே ஆண்டியப்பன் நின்றார். கூட்டத்துக்கு அவர் அழைக்கப்படவில்லை. தன் வளவுக்குப் போகிற வழியில் எங்கள் படலையில் வாகனம் உறுமிக்கொண்டு நின்றால் குனிந்து பார்ப்பது அவருடைய தொழில் புத்தி.

"சார், ஒரு நிமிசம். வண்டிய ஏன் நிப்பாட்டாம விட்டிருக்காங்க?"

"அத்தானுக்கு அவசரமாப் போகவேணும்."

"ரெண்டு மணிநேரமா அவசரமா சார்? நிப்பாட்டினா திரும்ப ஸ்டார்ட் ஆகாதுங்க. எஞ்சின் முடிஞ்சிருச்சி. பொகையப் பாருங்க. அடியில சேஸ் வெடிச்சி ரெண்டு எடத்துல ஒட்டுப் போட்டிருக்கு. பின்னாடி ஸ்பிரிங் தகடு கூடுதலா அடுக்கியிருக்காங்க, அது மணல் லோட் அடிக்கத்தான். நாப்பதாயிரம் இல்லீங்க, நாலு லட்சம் ஓடியிருக்கும்."

நான் குறிப்புப் புத்தகத்தை அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன்.

"நாளைக்கு விடியக்காலம் நா அறுவடைக்கு முல்லைத்தீவுப் பக்கம் போறேன். வர வெள்ளிக்கிழம ஆகும். உள்ள எல்லாரும் இருக்கறப்ப நா வந்து சொன்னா நல்லாருக்காது. நீங்க தங்கச்சிகிட்ட சொல்லிருங்க சார். மாட்ட வித்த காசு."

"ஓம் ஓம். நான் சொல்லுறன்," என்றேன்.

அரச சேவையில் இதற்கு 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது' என்று பெயர். நான் சொல்லவில்லை. பயத்தினால் அல்ல. விதி இருக்கிறது. கூட்டத்துக்கு வெளியே, உறுப்பினர் அல்லாத ஒருவர், படலையில் நின்று சொல்வது கூட்டக் குறிப்பில் வராது. குறிப்பில் இல்லாததை நான் எப்படிச் சொல்வது? மேலும் அன்று மத்தியானம் அக்கா கோழிக்கறி சமைத்துக் கொண்டுவந்திருந்தார். நல்ல ருசி.

கையளிப்பு வைபவம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு நடந்தது. அத்தான் மீண்டும் உறுமலோடு வந்து சேர்ந்தார். கமலாசனி காசைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். காசுக் கதை கதைக்காத அத்தான், கதைக்காமலே இரண்டு தரம் எண்ணினார். நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டன. கற்பூரம் கொளுத்தி அக்கா தேவாரம் தொடங்கினார். தொழில்நுட்ப அதிகாரி கமராவோடு சுற்றிவந்தான்.

"அம்மா பாடுறது கேக்கேல்லை, எஞ்சின் இரையுது," என்று சொல்லி, உள்ளே கையை விட்டுத் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான்.

அத்தானின் முகத்தில் அந்த நேரம் ஒரு மாற்றம் ஏற்பட்டது. பக்தி என்று எழுதினேன்.

தேவாரம் முடிந்தது. கமலாசனி ஏறி இருந்து திறப்பைத் திருப்பினாள். பிக்கப் ஒரு தரம் இருமியது. பிறகு அதுவும் இல்லை. அத்தான் ஏறித் திருப்பினார். அனோஜன் திருப்பினான். சுபநேரம் முடிய மூன்று நிமிடம் இருந்தது.

"பற்றறி," என்றார் அத்தான். "சின்ன விசயம். புதுசு ஒண்டு போட்டாச் சரி. இப்ப தள்ளுவம். எலுமிச்சம்பழம் நசிஞ்சாப் போதும்தானே?"

தள்ளுவதற்கு ஆள் போதவில்லை. அப்போது குடும்பம் ஆண்டியப்பனை அழைத்தது. எங்கள் வைபவம் ஒன்றுக்கு அவரை உத்தியோகபூர்வமாக அழைத்தது அதுதான் முதல் தடவை. அவர் முந்தின நாள் இரவுதான் முல்லைத்தீவிலிருந்து வந்திருந்தார். வந்தார், சாரத்தை மடித்துக் கட்டினார், பின்பெட்டியில் கை வைத்தார். தள்ளும்போது அவர் வாகனத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். நான் அந்த நேரத்தில் பேனாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தேன்.

பழங்கள் நசிந்தன. எஞ்சினின் உதவியில்லாமல், முழுக்க உறவினரின் கரங்களாலும் ஒரு அயலவரின் கரத்தாலும் நடத்தப்பட்ட முதலாவது வாகனப் பயணம். தள்ளுகிறவர்கள் தெரியாதபடி அனோஜன் எடுத்த காணொளியைத் தலைவர் கனடாவிலிருந்து பார்த்துக் கைதட்டும் படம் அனுப்பினார். அத்தானும் அக்காவும் பஸ்ஸில் மல்லாவிக்குத் திரும்பினார்கள்.

மார்ச் முதலாம் திகதி வந்தது.

புதுப் பற்றறி போட்டும் பிக்கப் தானாக ஸ்டார்ட் ஆகவில்லை. மேட்டில் நிறுத்தி உருட்டிவிட்டால் சில நேரம் மனம் இரங்கும். கண்டாவளை தட்டையான ஊர். மேடு என்று இருப்பது வாய்க்கால் கட்டு ஒன்றுதான். அதனால் பிக்கப் முதல் நாள் பின்னேரமே ஆறு பேரால் அந்தக் கட்டின்மேல் ஏற்றப்பட்டது. விடிய மூன்று மணியிலிருந்து பதினொரு வீட்டுக்காரரும் தலையில் சுமந்துவந்து மரக்கறியை ஏற்றினார்கள். பிக்கப் உருண்டது, ஸ்டார்ட் ஆனது, பாதி வழியில் நின்றது. கத்தரிக்காய் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது ஆறு மணி நாற்பது. ஒரு பிந்தல். இரண்டாம் நாள் கட்டிலிருந்து இறங்கி நேரே வயலுக்குள் போனது. இரண்டாவது பிந்தல். இன்னும் ஒன்று என்றால் வேறு ஆள் என்று கன்ரீன் பொறுப்பாளர் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் ஆண்டியப்பன் தன் லான்ட்மாஸ்டரைப் பெட்டியோடு கொண்டுவந்து படலையில் நிறுத்தினார். இரண்டு சில்லு உழவு இயந்திரம். வேகமும் இல்லை, வடிவும் இல்லை. ஆனால் நிறுத்தினால் நிற்கும், இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். அவர் ஓட்ட, கமலாசனி பின்னால் பூசணிக்காய்க்கு நடுவில் இருந்து போனாள். ஐந்து மணி இருபது நிமிடத்துக்கு மரக்கறி இறங்கியது. டீசல் காசும் கூலியும் அவர் கேட்டு வாங்கினார், சொந்தக்காரர் இல்லைத்தானே. இப்படி எட்டு நாள்.

ஒன்பதாம் நாள் பரந்தன் சந்தியில் யாரோ கண்டு படம் எடுத்தார்கள். அவள் வீடு வந்து சேர முந்திப் படம் கனடாவுக்குப் போய்விட்டது.

அவசரக் கூட்டம் மறுநாள் காலை நாலரைக்கு வைக்கப்பட்டது. தலைவருக்கு அது வேலை முடிந்து சாப்பிடும் நேரம், வசதியான நேரம். மரக்கறி ஏற்றும் நேரமும் அதுதான் என்பது கவனத்துக்கு எடுக்கப்படவில்லை. அத்தானும் அக்காவும் முதல் நாளே வந்து தங்கிவிட்டார்கள். விறாந்தையில் விளக்கு. சீனிப் போத்தல். படலைக்கு வெளியே, பெட்டி நிறைய மரக்கறியோடு லான்ட்மாஸ்டர், பக்கத்தில் ஆண்டியப்பன். வளவு மூலையில் பிக்கப். சில்லுக்கு முண்டுகொடுத்த கல்லின்மேல் ஒரு கோழி.

முதலாவது விடயம்: குடும்ப மானம்.

"ஆற்ர மெசின்ல ஆர் ஏறிப் போறது?" என்றார் தலைவர், வாயில் சாப்பாட்டோடு. "எங்கட அப்பா பேர் என்ன, எங்கட நிலை என்ன? ஊர் என்ன கதைக்கும்?"

"ஊர் மரக்கறி தந்து ஏத்தி விடுது பெரியண்ணை," என்றாள் கமலாசனி. "எனக்கு நேரம் போகுது. ஐஞ்சரைக்கு இறக்கவேணும். இண்டைக்குப் பிந்தினா எல்லாம் போச்சு. பதினொரு வீட்டுக்காரருக்கு நான் என்ன சொல்லுறது?"

"கூட்டம் முடிய முதல் எழும்பக்கூடாது," என்றார் அத்தான். அவர் ஒழுங்கில் மிகவும் கண்டிப்பானவர்.

இரண்டாவது விடயம்: பிக்கப் பழுதடைந்ததன் காரணம். இதில் தொழில்நுட்ப அதிகாரியின் விளக்கம் தேவைப்படவில்லை. அக்காவே கண்டுபிடித்திருந்தார்.

"எங்கட கையில இருக்கும்வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அண்டைக்குப் படலையில நிண்டு குனிஞ்சு குனிஞ்சு பாத்தவன்தானே அவன். நான் யன்னலால கண்டனான். அந்தக் கண்ணூறுதான்."

"வேற ஒண்டும் இல்லை," என்றார் அத்தான்.

தலைவரும் அதை ஏற்றுக்கொண்டார். நான் 'பழுதுக்கான காரணம் புறக்காரணி என அடையாளம் காணப்பட்டது' என்று எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்து அன்று நன்றாக வந்தது.

கமலாசனி கதிரையில் பிடித்திருந்த கையை எடுத்தாள். வேறு ஒருவரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"சின்னண்ணை, இதை வாங்க முதல் ஆரும் உங்களிட்ட ஏதும் சொன்னவையோ?"

சீனிப் போத்தலும் மெல்லுவதை நிறுத்தியது. படலையில் ஆண்டியப்பன் முகத்தைத் திருப்பி வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கடமையைச் செய்தேன். கண்ணாடியைப் போட்டு, புத்தகத்தைப் பின்னால் புரட்டி, மாசி மாதத்துக் கூட்டத்தை எடுத்து, முதற் பந்தியிலிருந்து கடைசிப் பந்தி வரைக்கும் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"பதிவில் இல்லை," என்றேன்.

"பதிவைக் கேக்கேல்லை. உங்களைக் கேட்டனான்."

"பதிவில் இல்லை, கமலா."

அவள் படியிறங்கிப் போனாள். அத்தான் "பிள்ளை, பிள்ளை" என்றார். அக்கா கண்ணீருக்கு ஆயத்தமானார். பார்க்க ஆள் திரும்பவில்லை. ஆண்டியப்பன் கயிற்றை இழுத்தார். லான்ட்மாஸ்டர் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கமலாசனி பெட்டியில் ஏறி, பயித்தங்காய்க் கட்டுக்கும் பூசணிக்கும் நடுவில் இடம் எடுத்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கு மேலாலே கேட்டாள்.

"என்ர மனுசனைக் கண்டதெண்டு அந்த நேரம் உங்கட கந்தோருக்கு ரெண்டு பேர் வந்து சொன்னவை. கதவடியில நிண்டு சொன்னவை. அதையும் இப்பிடித்தான் விட்டனீங்களோ, சின்னண்ணை?"

லான்ட்மாஸ்டர் போய்விட்டது. ஐந்தரைக்கு இரண்டு நிமிடம் இருக்க மரக்கறி இறங்கியதாகப் பின்னர் அறிந்தேன்.

கூட்டம் தொடர்ந்தது. "போகேக்க என்னவோ சொன்னாளே, என்ன சொன்னவள்?" என்று தலைவர் கேட்டார். "மினிட்ஸில போடு."

நான் போடவில்லை. கேட்கும்போது அவள் படலைக்கு வெளியேதான் இருந்தாள். வெளியே நின்று யார் எதைச் சொன்னாலும் நான் எழுதுவதில்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட எழுதியதில்லை.